வானிலிருந்து கடலைப் பார்ப்போம்

துணைக்கோளங்கள் இருக்கும்போது கடலை ஆராய விமானம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடலின் வெப்பநிலையை நாள்தோறும் அளக்கும் துணைக்கோளங்கள் பலவற்றின் படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 1 கிலோமீட்டர். ஜொகூர் பாலத்தின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. அப்படியாயின், அங்கே நீரிணையின் அகலம் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்! போதாக்குறைக்கு, நம் வட்டாரத்தில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் கதிர் அடர்ந்த மேகத்தைத் தாண்டி வருவதில்லை.

மேகத்திற்குக் கீழே பறக்கும் விமானத்திற்கு இவ்விரு தடைகளும் இல்லை. இஃது இன்று நேற்றுத் தோன்றிய முறையுமன்று. ஹென்றி ஸ்டொம்மலும் அவர்தம் குழுவினரும் வளைகுடா நீரோட்டத்தை விமானத்திலிருந்து அளந்த ஆய்வை 1953-இலேயே வெளியிட்டனர்.

அகச்சிவப்புக் கருவி காண்பது கடலின் ‘தோலை’ மட்டுமே. அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். நீர் ஆவியாவதால் அத்தோல் அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருக்கும். தமிழ்ப்பள்ளியில் நாம் படித்த நீர்ச் சுழற்சியின் முதற்படியைத்தான் இங்கே படமாகக் காண்கிறோம். அலை உடையும்போது தோல் கிழிந்து, அடியிலுள்ள வெப்பநீர் படத்தில் பளிச்சிடும். சில வினாடிகளில் மீண்டும் குளிரும்.

இதனால் நமக்கென்ன பயன்? 2024 ஜூன் 14-ஆம் நாள் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் அருகே இரு கப்பல்கள் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. இத்தகைய வேளையில் படகுகளை முதலில் எங்கே அனுப்புவது? எண்ணெய் எங்கே எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை வெறுங்கண்ணால் மட்டும் துல்லியமாகக் கணிப்பது கடினம். தடித்த எண்ணெயோ பகலில் வெயிலை உள்வாங்கி, அகச்சிவப்புப் படத்தில் நீரைவிடச் சூடாகத் தெரியும். மிக மெல்லிய படலம் இதில் தெரியாது என்பது உண்மையே. ஆனால், முதலில் அள்ள வேண்டியது தடித்த எண்ணெயைத்தானே?

ஆற்றுநீர் கலக்குமிடமும் ஆலைகளின் வெந்நீர் சேருமிடமும்கூட வெப்ப வேறுபாடாகவே தெரியும். வழக்கமான கடல் எப்படி இருக்கும் என்று அறியாதவர், விபத்து நாளில் எதைக் கொண்டு வேறுபாட்டைக் கண்டுபிடிப்பார்? எனவே, மலாக்கா, ஜொகூர் நீரிணைகளை ஆண்டு முழுவதும் இம்முறையில் படம்பிடித்து, அப்படங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்க வேண்டும் என்பதே என் கருத்து.

மருத்துவம், பொறியியல், சட்டம் என்ற வட்டத்திற்குள்ளேயே நம் கனவுகளை அடக்கிக்கொள்ள வேண்டுமா, நண்பர்களே? கடலறிவியலும் நமக்குரிய துறைதான். அப்படங்களைப் படித்துச் சொல்லும் கண்களுள் நம் கண்களும் இருக்கட்டும்.