பெல்ட் அறுந்தது யாரால்? அபராதம் யார் தலையில்?

"சீட் பெல்ட் அணியுங்கள், உயிரைக் காத்துக்கொள்ளுங்கள்!" - தேனியிலிருந்து கூடலூர் வரை வண்டியில் போகிறவன் காதில் சர்க்கார் ஓயாமல் ஓதும் உபதேசம் இது. நல்ல உபதேசம்தான். நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம்: அணிவதற்குப் பெல்ட் எங்கே, ஐயா?

கம்பத்தில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தோம். பதினைந்து வயதைத் தாண்டிய கார் ஒன்று நின்றிருந்தது. டிரைவர் பக்கத்துப் பெல்ட் சுருளவில்லை. தொங்கிக் கிடந்த நாடாவை முடிச்சுப் போட்டுக் குறுக்கியிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் பூட்டு பிடிக்கவில்லை. பின் இருக்கைப் பெல்ட்டுகளைத் தேடினோம். புது சீட் கவருக்கு அடியில் அவை புதைந்து கிடந்தன.

"என்னண்ணே, இந்தப் பெல்ட்டை மாத்தக் கூடாதா?" என்று டிரைவரைக் கேட்டோம்.

"மாத்தலாம் தம்பி. ஓனர் காசு குடுக்கணும்ல? வழியில நிறுத்துனா தோள் மேல கெடக்கான்னுதான் பாப்பாங்க. பூட்டியிருக்கான்னு யாரு இழுத்துப் பாக்குறா?" என்றார் அவர்.

"கவலைப்படாதீங்கண்ணே, தையக்காரர்ட்ட குடுத்து நாலு தையல் போட்டுருவோம்" என்று ஆறுதல் சொன்னார் பட்டறைத் தம்பி.

இருவரையும் நாம் குறை கூறமாட்டோம். ஒருவர் நாள் கூலிக்கு வண்டி ஓட்டுகிறவர். மற்றவர் கொடுத்த காசுக்குள் வேலையை முடிக்க வேண்டியவர். ஆனால் இந்த "நாலு தையல்" எப்படிப்பட்ட ஏமாற்று என்பதை உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தையல் தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்குப் பெரிய வேகமல்ல. அந்த வேகத்தில் வண்டி பாறையில் மோதி நின்றால், உள்ளே இருப்பவருக்கு அது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அரை மீட்டர் தூரத்துக்குள் பிடித்து நிறுத்தவேண்டுமானால் பெல்ட் தாங்க வேண்டிய பளு ஏறக்குறைய முக்கால் டன்! மடியில் இருக்கும் 10 கிலோக் குழந்தையே அந்த நொடியில் 120 கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது.

முக்கால் டன்னைத் தாங்க வேண்டிய நாடாவுக்குச் சட்டை தைக்கிற நூலில் தையல்! முடிச்சுப் போட்ட இடத்திலும் நாடா பலம் இழக்கிறது. மோதும்போது முடிச்சு இறுகி, ஆள் முன்னே போய் விழ இடம் கொடுக்கிறது.

பெல்ட் என்பது வெறும் நாடா அல்ல. கதவை ஒட்டிய தூணின் அடியில் ஒரு சுருள் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் வில் நாடாவைச் சுருட்டி வைக்கிறது. வண்டி திடுமென நின்றாலும், சாய்ந்தாலும், நாடா வெடுக்கென்று இழுபட்டாலும், உள்ளேயிருக்கும் பல்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. நாடா, சுருள் பெட்டி, பூட்டு, வண்டியின் உடலில் அதைப் பிணைக்கும் போல்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததே பெல்ட். நான்கில் ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றும் வீண்.

ஆகவே வண்டியில் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் செலவிட்டுச் சோதிக்கலாம். நாடாவை முழுதும் வெளியே இழுத்துப் பாருங்கள்: ஓரம் பிசிறு தட்டியிருந்தால், வெட்டு இருந்தால், வெயிலில் வெளுத்து விறைத்திருந்தால் அது ஆகாது. வெடுக்கென்று இழுங்கள்: பூட்டிக்கொள்ள வேண்டும். நாக்கைப் பூட்டில் செருகுங்கள்: 'டக்' என்று பிடிக்க வேண்டும், பலமாக இழுத்தாலும் விடக்கூடாது, சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் உடனே விட வேண்டும். மெதுவாகச் சுருளும் பெல்ட்டில் பல சமயம் அழுக்குதான் குற்றவாளி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நாடாவைத் துடைத்து நிழலில் காயவிட்டால் சரியாகலாம். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அதற்கும் சரியாகாவிட்டால் முழு செட்டையும் மாற்றுவதே வழி. சுருள் பெட்டியைக் கழற்றி உள்ளே நோண்டக் கூடாது. புதிய மாதிரி வண்டிகளில் மோதலின்போது நாடாவை இறுக்குவதற்கு அதற்குள் வெடிமருந்தே வைத்திருக்கிறார்கள். அது ஒருமுறைக்குத்தான் உதவும்.

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கலாமா? கூடாது. அங்கே வரும் வண்டிகளில் பல, மோதி நொறுங்கியவை. ஒருமுறை மோதலைத் தாங்கிய நாடா உள்ளுக்குள் இழுபட்டுப் பலம் இழந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. போல்ட்டையும் பாருங்கள். பழைய வண்டியில் அடித்தகடு துருப்பிடித்து உளுத்திருந்தால், புத்தம்புது பெல்ட் போட்டாலும் அது தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். முதலில் தகட்டை வெட்டி ஒட்டவேண்டும், பிறகுதான் பெல்ட்.

"பள்ளத்தில் விழுந்தால் பெல்ட் ஆபத்து" என்போருக்கு

மலையோர ஜனங்களிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது: "பெல்ட் போட்டிருந்தால் வண்டிக்குள் மாட்டிக்கொள்வோம், போடாவிட்டால் வெளியே குதித்துத் தப்பலாம்." உருளும் வண்டியிலிருந்து யாரும் குதிப்பதில்லை; தூக்கி எறியப்படுகிறார்கள். எறியப்பட்டவர் பாறையில் விழுகிறார், அல்லது உருண்டுவரும் வண்டிக்கு அடியில் நசுங்குகிறார். உள்ளே பிணைக்கப்பட்டவருக்கே பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இது புதிய ஞானமா?

தோளும் இடுப்பும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை ஸ்வீடனைச் சேர்ந்த நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் வோல்வோ கம்பெனியில் உருவாக்கியது 1959-இல். அதன் காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அப்படியும் அமெரிக்கக் கார் முதலாளிகள் மனமுவந்து செய்தார்களா? இல்லை. 1965-இல் ரால்ப் நாடர் புத்தகம் எழுதி அவர்களுடைய லாபவெறியை அம்பலப்படுத்தினார். 1966-இல் சட்டம் வந்த பிறகே வழிக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 1970-லேயே பெல்ட் அணிவது கட்டாயமாயிற்று.

நம் நாட்டிலோ? முன் இருக்கைகளுக்குப் பெல்ட் வைத்தே வண்டி செய்யவேண்டும் என்ற விதி 1994-இல்தான் அமுலுக்கு வந்தது. பின் இருக்கைக்கு 2002-இல். அதுவும் முன்னோக்கிய பின் இருக்கைக்கு மட்டும்! ஜீப்பின் பின்புறம் எதிரும் புதிருமாகப் போட்ட பலகையில் யார் உட்காருகிறார்கள்? உழைக்கும் பெண்கள் உட்காருகிறார்கள். அவர்களைப் பற்றி அந்த விதி வாய் திறக்கவில்லை.

2022 செப்டம்பர் 4-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கர் அருகே கார் மோதி, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மாண்டார். பின் இருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று போலீஸ் தெரிவித்தது. நாடு முழுவதும் பின் இருக்கைப் பெல்ட் பற்றியே பேச்சு. ஒரு மனிதரின் சாவால் ஒரு பாடம் பரவியது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் மாண்டனர். 2023 ஆகஸ்ட் 25-ந் தேதி வயநாட்டில், வேலை முடித்துத் திரும்பிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப் தலப்புழை அருகே கவிழ்ந்து ஒன்பது பெண்கள் மாண்டனர். அதற்குப் பிறகு நம் மலைப்பாதைகளில் என்ன மாறியது?

யாருக்காக ஓடுகிறது இந்த வண்டி?

பொழுது விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் பாருங்கள். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் சாலையோரம் நிற்கிறார்கள். ஜீப்பு வருகிறது, நெருக்கியடித்து ஏறுகிறார்கள். குமுளி வழியாக, கம்பம்மெட்டு வழியாக, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்த பின் அதே வளைவுகளில் திரும்பி இறங்குகிறார்கள்.

அவர்கள் பறிக்கும் ஏலக்காய்க்குக் கிடைக்கும் கவனிப்பைப் பாருங்கள்! சல்லடையில் சலித்து எட்டு மில்லிமீட்டர் இருக்கிறதா என்று தரம் பிரிக்கிறார்கள். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் நிறம் பார்த்து, எடை பார்த்து விலை வைக்கிறார்கள். காய்க்கு இத்தனை சோதனை. காயைப் பறிக்கும் கைகளை ஏற்றிவரும் வண்டியில் பூட்டு பூட்டுகிறதா என்று பார்க்க மட்டும் ஆளில்லை!

விபத்து நடந்தால் "டிரைவரின் கவனக்குறைவு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பெல்ட் இல்லாவிட்டால் டிரைவருக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். கூடுதல் ஆள் ஏற்றினால் தலைக்கு இருநூறு ரூபாய். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் தொகைகள் இவை. ஆனால் அதே சட்டத்தின் 194ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். வாடகை வண்டியில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றி ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரையும், ஓட்ட அனுமதிக்கிறவரையும் அது குற்றவாளி என்கிறது. ஓட்டச் செய்கிறவர் யார்? அனுமதிக்கிறவர் யார்? வண்டி முதலாளி இல்லையா? "ஆளை எப்படியாவது ஏழு மணிக்குள் கொண்டுவா" என்று சொல்கிற தோட்டத்து முதலாளி இல்லையா? சட்டத்தில் இருக்கும் அந்த வார்த்தைகள் மலையடிவாரத்துக்கு வந்ததும் எங்கே மறைந்துவிடுகின்றன?

"தொழிலாளி வரும் வழியில் நேர்வதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று தோட்டத்து முதலாளிகள் சொல்லலாம். வேலைக்கு வருகிற வழியில் நேரும் விபத்தும், நேரத்தாலும் இடத்தாலும் சூழ்நிலையாலும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையினால் நேர்ந்த விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக்குப் பணிக்குப் போகும் வழியில் இறந்த ஒரு காவல்காரரின் வழக்கு அது. முதலாளிகள் இனி அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது.

இன்னொரு சாக்கு: "பழைய வண்டிகளை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும்." ஒழித்துவிட்டு? புது வண்டி வாங்கக் கடன் யார் தருவார்? சொந்த வண்டியை ஓட்டிப் பிழைக்கும் டிரைவர் தெருவில் நிற்க வேண்டுமா? உடலும் பிரேக்கும் நன்றாயுள்ள பழைய வண்டிக்கு நல்ல பெல்ட் போடலாம். தடை காசுதான். உயிர்காக்கும் அந்தப் பொருளின் மீது சர்க்காரே வரி போடுகிறது: மோட்டார் உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 வரை 28 சதவீதம், அதன் பிறகு 18 சதவீதம். பெல்ட் போடு என்று ஒரு கையால் பலகை நடுகிறார்கள். மறு கையால் பெல்ட்டுக்கு வரி வாங்குகிறார்கள்!

பெல்ட் போடாமலே அபாய மணியை நிறுத்தும் பொய் நாக்கை இணையக் கடைகள் கூசாமல் விற்றன. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு 13,118 விளம்பரங்களை நீக்கினார்கள். அந்தப் பித்தலாட்டத்துக்கும் சந்தை இருந்தது, லாபமும் இருந்தது!

நாம் கோருவது

எப்.சி. புதுப்பிக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்து, பூட்டி, பிணைப்புத் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். சீட் கவரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கெட்ட பெல்ட்டுக்கு டிரைவரிடமல்ல, வண்டி முதலாளியிடம் அபராதம் வசூலிக்க வேண்டும். பழைய மாதிரி வண்டிகளுக்கும் தரச்சான்று பெற்ற முழு செட்டைக் கம்பெனிகள் கிடைக்கச் செய்ய வேண்டும். அதன் மீதான வரியை அறவே நீக்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டியில் தலைக்கு ஓர் இருக்கை, இருக்கைக்கு ஒரு பெல்ட். செலவு தோட்டத்து முதலாளியுடையது. பலகை ஜீப்பில் பெல்ட் பொருத்திவிட்டோம் என்று கண் துடைக்க விடமாட்டோம். விடியற்காலையிலும் மாலையிலும் இரு மாநில சர்க்கார்களும் மலைக்குப் போதிய பஸ் விட வேண்டும்.

டிரைவர் தோழர்களே! அறுந்த பெல்ட்டோடு வண்டியை எடுக்கச் சொன்னால், "மாத்திக் குடுங்க, எடுக்குறேன்" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் வேலை போகும். ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேரும் சொன்னால் பெல்ட் வரும். தோட்டத் தொழிலாளித் தாய்மார்களே! ஏறுமுன் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள். பூட்டவில்லையென்றால் டிரைவரைத் திட்டாதீர்கள், முதலாளியைக் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்.

காலையில் மலையேறிய பெண் மாலையில் தன் பிள்ளையிடம் திரும்பி வரவேண்டும். அதற்கு ஒரு நாடாவும் ஒரு பூட்டும் நாலு போல்ட்டும்தான் விலை என்றால், அந்த விலையைக் கொடுக்க மறுக்கிறவன் யார் என்பதை ஊரறியச் சொல்வோம்.