தெய்வமாக்கப்பட்ட மருமகள்

சத்தியஜித் ரே 1960ஆம் ஆண்டில் அளித்த ‘தேவி’ என்னும் வங்காளத் திரைப்படத்தைக் கண்ட மாணாக்கர் பலர், அது மூடநம்பிக்கையைச் சாடுவது என்று ஒரு வரியில் எழுதி அமைந்துவிடுகின்றனர். அவ்வரி பிழையன்று, ஆயினும் போதியதும் அன்று. மூடநம்பிக்கை என்று உரைத்த அளவிலே, அப்பேதைமை பிறர்க்குரியது, நமக்குரியதன்று என்னும் ஆறுதல் நெஞ்சிற் புகுந்துவிடுகின்றது. இப்படமோ அவ்வாறுதலைத் தருவதன்று.

பிரபாத்குமார் முகோபாத்தியாயரின் சிறுகதையைத் தழுவியது இது. அதன் கருவை அவருக்கு அளித்தவர் தாகூர். காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. சமீன்தார் காளிகிங்கரர் காளியின் அன்பர். இளைய மைந்தன் உமாபிரசாதன் கல்வியின் பொருட்டுக் கல்கத்தா செல்கின்றான். அவன் மனைவி தயாமயி, மாமனாருக்குப் பணிவிடை செய்தும் மைத்துனரின் சிறு மகனைச் சீராட்டியும் காலங்கழிக்கின்றாள். ஓரிரவு முதியவர் கனவு காண்கின்றார்: காளியின் விழிகள் மருமகளின் விழிகளாகின்றன. விடிந்ததும் அவள் காலில் வீழ்கின்றார். அவளோ நாணியும் அஞ்சியும் சுவரின் பக்கம் திரும்பிக்கொள்கின்றாள்.

இங்கே ஒரு சொல்லை நோக்குதல் வேண்டும். வங்காளத்தார் மருமகளை ‘மா’ என்று விளிப்பர். காளியை விளிப்பதும் அச்சொல்லாலேயே. (நம் வீடுகளிலும் சிறுமியரை ‘அம்மா’ என்று அழைப்பதில்லையா?) கனவுக்கு முன்னரே அன்பு மொழியில் அடங்கிக் கிடந்த வித்து அது. கிழவர் கொடியவரல்லர். அன்பு மிக்கவர், அதனாலேயே அவரை எதிர்ப்பதும் அரிதாகின்றது.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நிலைக்களன்கள் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். தயாவின் அவலத்தை எதனுள் அடக்குவது? இகழ்ச்சி அவளை வருத்தவில்லை, உயர்த்தியதே வருத்தியது. மேடையிலிருத்தி மாலை சூட்டிய பின்னர் அவளொடு பேசுவார் இலர், வணங்குவாரே உளர். இதனை இளிவின் ஒரு கூறெனவே யாம் கொள்வோம்.

நோயுற்ற ஏழைக் குழந்தையொன்று அவள் முன்னிலையில் பிழைக்கின்றது. அதன் பின்னர், கற்ற கணவன் இரவில் அவளை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருகின்றான். நீரிற் கரைந்த தெய்வப் படிமத்தின் எலும்புக்கூடு போன்ற சட்டம் கரையில் நிற்கின்றது. அவள் நின்றுவிடுகின்றாள்: தான் மெய்யாகவே தேவியாயின்? பிறர் நம்பிக்கை அவளுக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. படத்தின் நடுக்கம் முழுவதும் இவ்வோரிடத்தில் உள்ளது. உமாபிரசாதன் கற்ற வாதங்கள் யாவும் தந்தையை எதிர்த்தற்கு உரியன; இவ்வையத்திற்கு விடை அவனிடம் இல்லை.

பின்னர் அக்குடும்பத்துச் சிறுவன் நோயுறுகின்றான். தயாவைத் தெய்வமென நம்பாத அவன் தாயும் ஈற்றில் அவனை அவளிடமே விடுகின்றாள். பிள்ளை இறக்கின்றான்.

தயாவாக நடித்த சர்மிளா தாகூர் அந்நாளில் பள்ளிச் சிறுமி. முகத்திற் பெரிய பாவனை எதுவும் காட்டாது, தாழ்ந்த இமைகளாலேயே ஓர் உள்ளம் சிதைவதைக் காட்டினார். வசனத்தை நீட்டிக் கண்ணீர் வருவிக்கும் நம் படங்களுக்குப் பழகிய கண் இதற்குச் சற்றே பொறுமை கொள்ளல் வேண்டும்.

இப்படம் சமயத்தைப் பழிக்கின்றது என்று அந்நாளிற் குறை கூறினாரும் உளர். அவர்கள் காளியின் மானத்தைப் பற்றிக் கவன்றனர். மேடையில் இருத்தப்பட்ட பெண்ணிடம் அவளுடைய விருப்பம் யாதென்று, படத்தினுள்ளே அவ்வூரார் கேட்கவில்லை. குறை கூறினாரும் கேட்டிலர்.