வெளியே போக விடுவானா?

ஓசூரில் மாலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. "பண்ணையார் காலத்தில் சோறாவது கிடைத்தது" என்பது ஒன்று. "கம்யூனிசம் வந்திருந்தால் எல்லாரும் சமம்" என்பது மற்றொன்று. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

பண்ணைச் சோற்றுக்கு விலை என்ன? தஞ்சையில் எதிர்த்துப் பேசிய பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும். அவர்களைத் திரட்டிய கம்யூனிஸ்ட் பி. சீனிவாச ராவ் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகும், கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள்.

எதிர்த்து நின்ற பெருமை செங்கொடிக்கு உண்டு. ஆனால் அதே கொடி ஆண்ட சோவியத் நாட்டில் நடந்தது என்ன? 1932-இல் உள்நாட்டு பாஸ்போர்ட் கொண்டுவந்தார்கள். அது இல்லாமல் நகரத்தில் குடியேற முடியாது. கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கோ அதைப் பொதுவாகத் தரவில்லை. எல்லாருக்கும் தர 1974-இல்தான் ஆணை பிறந்தது. பண்ணையார் போய் அரசாங்கம் வந்தது. ஆள் மட்டும் அதே வயலில் நின்றான்.

இங்கே சிப்காட்டில் சம்பளம் பிடிக்காதவன் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வேலை தேடலாம், சங்கம் வைக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது சுலபமில்லை என்பது தெரியும். அதற்காகப் போராடவும் இங்கே வழி இருக்கிறது.

சோறு போடுகிறானா என்று மட்டும் கேட்காதீர்கள். பிடிக்காவிட்டால் வெளியே போக விடுவானா என்றும் கேளுங்கள்.