கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதுமா?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருடைய பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்ப்பேன். பாதிப் பேரிடம் பை நிறையத் தாள்கள் இருக்கும். சர்க்கரைக்காக ஒழுங்காக மருத்துவரிடம் போய்வந்தவர்கள்தான். அப்படியிருந்தும் சிறுநீரகம் கைவிட்ட பிறகே விஷயம் தெரிந்திருக்கும்.

இட்லிக் கடை நடத்திய அம்மா ஒருவர் வந்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய தாளில் கிரியேட்டினின் 1.1 என்றிருந்தது. பக்கத்தில் அச்சாகியிருந்த சரியான அளவு 1.2 வரை. மகன் அந்த வரியில் விரலை வைத்து, "நார்மல்னுதானே சிஸ்டர் போட்டிருக்கு?" என்று கேட்டார். அந்தத் தாளை நம்பியதில் அவர்மேல் என்ன தப்பு?

அம்மாவுக்கு அப்போது 65 வயது. அந்த வயதுப் பெண்ணுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய 56தான். மருத்துவர்கள் இதை ஈ.ஜி.எஃப்.ஆர். என்பார்கள். இது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. உடம்பில் சதை குறைந்த வயதான பெண்களுக்கு அது சட்டென்று ஏறாது. மூட்டை தூக்கும் 25 வயது இளைஞருக்கு 1.4 என்றால் வடிகட்டும் வேகம் 72 வரும். அதே 1.4, அறுபது வயதுப் பெண்ணுக்கு 43. இரண்டு தாளிலும் 'லேசாகக் கூடியிருக்கிறது' என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

இந்தக் கணக்குக்குத் தனியாக ரத்தம் எடுக்க வேண்டாம். கிரியேட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றும் போதும். மூன்றும் தாளிலேயே இருக்கின்றன. பெரிய ஆய்வகங்கள் பலவும் இதை அச்சிட்டுத் தருகின்றன. கிரியேட்டினின் பார்க்கும் சின்ன ஊர் ஆய்வகமும் இதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும்.

"மூத்திரம் நல்லாத்தானே போகுது" என்று சொல்லாத குடும்பமே இல்லை. சிறுநீரின் அளவு பெரும்பாலும் கடைசிவரை குறையாது. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு அதற்கு வெகுமுன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். வலியோ வீக்கமோ இருக்காது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய சிறுநீரகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே புரதக் கசிவைப் பார்க்கிறார்கள். மிக நல்ல வேலை. தனியார் மருத்துவரிடம் போகிற சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களும் வருடம் ஒருமுறையாவது இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கிரியேட்டினின் கூடியதும் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கல்லுக்குச் சொல்லும் வைத்தியம் அது; சிறுநீரகக் கல் வேறு, செயலிழப்பு வேறு. சாறு, இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் உண்டு. நோய் முற்றியவர்களின் சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. அளவு மிஞ்சினால் இதயமே நின்றுபோகும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது.

அந்த அம்மா இப்போது வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு தடித்த ஊசிகளோடு படுத்திருக்கிறார். 56இல் தெரிந்திருந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்து, லோசார்டன், டாபாக்ளிப்ளோசின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடி எடுத்து, இந்தப் படுக்கையைப் பல வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம். ஒருவேளை வராமலே இருந்திருக்கலாம்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை தாளை மருத்துவரிடம் கொடுக்கும்போது, "ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு டாக்டர்?" என்று கேளுங்கள். கைபேசியிலேயே அரை நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். அந்த எண்ணைத் தேதியோடு தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.