பாட்டியையும் கடைக்கு அழைத்துப் போங்கள்

மெல்பனில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஐந்தாம் மாதம் முடிந்ததுமே இரண்டு காரியங்கள் தொடங்கிவிடும். ஒன்று, ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்க விசா. மற்றொன்று, பிராம். முதல் காரியத்தை எல்லோரும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். விண்ணப்பம், மருத்துவக் காப்பீடு, குளிருக்குக் கம்பளிச் சட்டை என்று எதையும் விடுவதில்லை. இரண்டாவதைக் கணவனும் மனைவியும் ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போய் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் தெரிகின்றன. பெற்றவள் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்த வண்டியைப் பகல் முழுக்கத் தள்ளப் போகிறவர், விசாவுக்குக் காத்திருக்கும் அந்த அம்மாதானே!

என் அண்ணன் மகள் மூன்று சக்கர பிராம்தான் வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தாள். அவள் கணவர் காலையில் ஓடுகிறவர். குழந்தையையும் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசையில் தப்பில்லை. அவர் ஆறடி உயரம். திருநெல்வேலியிலிருந்து வரவிருந்த என் மதினி ஐந்தடிக்கும் கீழே. “உங்க அம்மா வரட்டும், அப்புறம் வாங்கலாம்” என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மதினி வந்து இறங்கிய வாரமே எல்லோரும் கடைக்குப் போனோம்.

இந்த வண்டி பிறந்த கதையிலேயே அதன் குணமும் இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாகிமா என்ற ஊரில், பத்திரிகையில் வேலை பார்த்த ஃபில் பெக்லர் என்பவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஓடப் போக விரும்பினார். சாதாரண வண்டியின் சின்னச் சக்கரங்கள் அதற்குத் தாங்கவில்லை. சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. ஓடுகிற மனிதரின் கைக்கென்றே செய்த வண்டி அது. அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பு, 1965-இல், இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் வடிவமைத்த வண்டியின் நோக்கமே வேறு. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர் அவர். அலுமினியக் குழாய்களால், குடை போல மடங்கும்படி, 3 கிலோவுக்கும் குறைவான எடையில் தன் வண்டியைச் செய்தார். பஸ்ஸில் ஏறி இறங்குகிற கைக்கு அது. இன்று கடையில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் வழி வந்தவைதான்.

மூன்று சக்கரத்தின் பலம் எங்கே தெரியும் என்றால், தரை கெட்டுப் போன இடத்தில். முக்காலியை எந்தத் தரையில் போட்டாலும் ஆடாது, அந்தக் கணக்குதான் இங்கேயும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கர வண்டிக்கு ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். மூன்று சக்கர வண்டிக்கு மூன்றும் மண்ணில் பதிந்திருக்கும். சக்கரமும் பெரிது, காற்றடைத்த டயர் வேறு. நடைபாதை விரிசலில் சின்னச் சக்கரம் விழுந்து சிக்கிக்கொள்ளும். பெரியது ஏறிக் கடந்துவிடும். ஃபிட்ஸ்ராய், கார்ல்டன் பக்கம் கருங்கல் பாவிய பழைய சந்துகள் உண்டு. அங்கே சின்னச் சக்கர வண்டியைத் தள்ளினால் குழந்தையின் தலை குலுங்குவதைப் பார்க்கச் சகிக்காது. பூங்காவின் சரளைக்கல் பாதையிலும் புல்தரையிலும் மூன்று சக்கர வண்டியை ஒரு கையால் தள்ளிப் போகலாம்.

பலவீனமும் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. முன்பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் தாங்கச் சக்கரம் கிடையாது. இறக்கத்தில் வேகமாகத் திருப்பும்போது குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டி முன்மூலைப் பக்கம் கவிழப் பார்க்கும். பின்சக்கரங்கள் நன்றாக அகன்று, இருக்கை தாழ்வாக இருக்கும் வண்டியில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் அகலம் கூடினால் வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் இடிக்கும். உங்கள் வீட்டுக் கதவுகளில் எது குறுகலோ அதன் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கார் டிக்கியின் அளவும் வேண்டும். இந்த வண்டிகள் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், மடித்தாலும் இடம் அடைக்கும். சிலவற்றில் முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் டிக்கி மூடும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் அதைத் தனியாகத் தூக்கி வைக்க முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பார்க்க வேண்டும்.

கடையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பளபளவென்ற தரையில் எது ஓடாது? மதினி கைப்பிடியில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தள்ளினாள். வண்டி அவளை விட்டு நகர்ந்து போயிற்று. “ஏட்டி, இது தானாப் போகுதே! நில்லுன்னா நிக்குமா?” என்று மகளைக் கேட்டாள்.

பிராம் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உருட்டிக் காட்ட விற்பவருக்குத் தெரியும். நிறுத்திப் பார்ப்பது நம் வேலை. உருளுவது எவ்வளவு சுலபமோ, பிரேக் போடாமல் விட்டால் ஓடிவிடுவதும் அவ்வளவு சுலபம்.

2009 அக்டோபரில் இதே மெல்பனின் ஆஷ்பர்ட்டன் ரயில் நிலையத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தாயின் கை ஒரு கணம் விலகிய நேரத்தில் பிராம் நடைமேடையிலிருந்து தானாக உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலின் முன்னால் தண்டவாளத்தில் விழுந்தது. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நடைமேடையின் சரிவு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. சக்கரத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஆஸ்திரேலியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 2008 ஜூலை முதல் இங்கே விற்கும் பிராம்களில் பிரேக் நெம்புகோல் சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வண்டியை நம்மோடு பிணைத்து வைக்க ஒரு மணிக்கட்டு வாரும் இருக்க வேண்டும். அந்த வாரைக் கையில் மாட்டியிருப்பவர்களை நான் தெருவில் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பலர் அதை முடிச்சுப் போட்டுக் கைப்பிடியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அதை அவிழ்த்து மாட்டிக்கொள்ளுங்கள். நடைமேடையில் நிற்கும்போது பிரேக்கைப் போட்டு, வண்டியைத் தண்டவாளத்தை நோக்கி நிறுத்தாமல் அதற்கு இணையாகத் திருப்பி நிறுத்துங்கள். வேறு நாட்டில் வாங்கிய பழைய வண்டியைச் சொந்தக்காரர் கொடுத்தால் வார் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தையை உட்கார வையுங்கள்.

பிரேக் இருந்தால் மட்டும் போதாது. அதைப் போடுகிற கால் யாருடையது என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பிரேக்கை எடுக்கப் பெருவிரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். ஷூ போட்ட காலுக்கு ஒன்றுமில்லை. மதினி போட்டிருந்தது வார்ச் செருப்பு. முதல் வண்டியில் விரல் வலித்து முகத்தைச் சுளித்தாள். வலிக்கிற பிரேக்கை யார்தான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் போடுவார்கள்? போடவும் எடுக்கவும் மேலிருந்து மிதித்தாலே போதும் என்கிற வகை உண்டு, கையால் இயக்கும் வகையும் உண்டு. ஊரிலிருந்து வருகிற அம்மாக்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் சரி.

கைப்பிடியும் அப்படித்தான். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத கைப்பிடி என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம். மருமகன் உயரத்துக்கு வைத்த கைப்பிடியை மாமியார் தோளைத் தூக்கிக்கொண்டு தள்ளினால் இரண்டே வாரத்தில் கழுத்து வலி வந்துவிடும். அகன்ற பின்சக்கரங்களுக்கு நடுவே நடக்கிறவரின் கால் எவ்வளவு தூரம் போகிறது, அச்சில் இடிக்கிறதா என்பதையும் நடந்து பார்க்க வேண்டும். சேலை கட்டுகிறவர் என்றால் முந்தானையைச் செருகிக்கொண்டுதான் தள்ள வேண்டும். ஆரக்கால் வைத்த திறந்த சக்கரத்தை விட மூடிய சக்கரம் அவருக்கு நல்லது. கடைச் சிப்பந்தி யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை.

ஓட்டத்துக்கு வருகிறேன். மூன்று சக்கரம் இருப்பதெல்லாம் ஓடுவதற்கான வண்டி இல்லை. பார்வைக்கு அப்படி இருந்தாலும் நடைக்கு மட்டுமே செய்தவை நிறைய உண்டு. எதற்குச் செய்தது என்று கையேட்டில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட வேண்டும். ஓட்டத்துக்கான வண்டியில் முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இருக்கும். நடக்கும்போது சக்கரம் திரும்பலாம். ஓடும்போது பூட்டாவிட்டால் வேகத்தில் அது படபடவென்று ஆடி வண்டியைக் கவிழ்க்கும். குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதமாகித் தலை உறுதியாக நிற்கும்வரை ஓடவே கூடாது. அதற்குப் பிறகும் தாய் சேய் நலச் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. விக்டோரியாவில் அந்தச் சேவை இலவசம். பிறந்த குழந்தைக்கு இருக்கை முழுவதும் படுக்கையாகச் சாய வேண்டும். உட்கார்த்தி வைக்கும் இருக்கை அந்த வயதுக்கு ஆகாது.

கழற்றி மாட்டும் முன்சக்கரத்தில் தனிக் கவனம் வேண்டும். ஓட்டத்துக்குப் பேர்போன பாப் வண்டிகளில் முன்சக்கரம் கழன்று விழுந்து குழந்தைகளும் பெரியவர்களும் காயப்பட்டதாகப் புகார்கள் குவிந்து, 2018-இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதன் தயாரிப்பாளரான பிரிட்டாக்ஸ் மீது நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு சமரசத்தில் முடிந்தது. சக்கரத்தை மாட்டும் ஒவ்வொரு முறையும் முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மடிக்கும் கீலிலும் அதே எச்சரிக்கை. 2009-இல் மக்லாரன் வண்டிகளின் கீலில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதால் அமெரிக்காவில் மட்டும் சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு விடப்பட்டது. விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை வேறு ஒருவர் இடுப்பில் இருக்கட்டும்.

காற்று டயர் பஞ்சராகும். விக்டோரியாவின் வடக்கே போகிறவர்களுக்கு நம் ஊர் நெருஞ்சி முள்ளே அங்கும் காத்திருக்கும். சைக்கிள் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். அதற்குப் பயந்து கெட்டி டயர் வாங்க வேண்டியதில்லை.

கூரையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஜனவரியில் மெல்பன் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. வண்டியின் கூரை சின்னதாக இருந்தால் பாட்டியின் கை தானாகத் துணியைத் தேடும். வெயிலும் படக்கூடாது, கண்ணும் படக்கூடாது என்று மெல்லிய பருத்தித் துணியை வண்டி மேல் போர்த்திவிடுவார். அன்பில் செய்வதுதான், ஆனால் உள்ளே காற்று அடைபட்டுப் போகும். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், காய்ந்த துணியைப் போர்த்தினால் வண்டிக்குள் சூடு ஏறுவதையும், நனைத்த துணியோடு சிறு மின்விசிறியையும் வைத்தால் ஏறக்குறைய 5 டிகிரி குறைவதையும் காட்டினார்கள். நான் மதினியிடம் இதைச் சொன்னபோது, “வெட்டிவேர்த் தட்டிய நனைச்சுக் கட்டுற மாதிரிதானே” என்று உடனே புரிந்துகொண்டாள். துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், குழந்தையின் முகம் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதைவிட நல்லது, முன்னே நன்றாக இறங்கி வரும் கூரையும் காற்று போகும் வலையும் உள்ள வண்டியை வாங்குவது.

டாண்டினாங் சந்தையில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிய பையைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள் என்று எல்லாப் பாட்டிகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையின் எடை கூடினால் வண்டி மல்லாந்துவிடும். அடியில் இருக்கும் கூடையில்தான் வைக்க வேண்டும். கூடை பெரிதா என்று வாங்கும்போதே பார்த்துவிடலாம்.

கடைசியில் அண்ணன் மகள் வாங்கியது அவள் மனத்தில் இருந்த விலையுயர்ந்த ஓட்ட வண்டி இல்லை. 12 அங்குலச் சக்கரம், திரும்பவும் பூட்டவும் முடிகிற முன்சக்கரம், மேலிருந்து மிதிக்கும் பிரேக், ஏறி இறங்கும் கைப்பிடி உள்ள நடுத்தர விலை வண்டி. மருமகன் வாரக் கடைசியில் பூங்காவில் தள்ளிக்கொண்டு வேகமாக நடக்கிறார். மற்ற நாட்களில் மதினிதான் தள்ளுகிறாள், மணிக்கட்டில் வாரோடு.

மெல்பனில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாழ்தள ட்ராம்கள் எல்லாத் தடத்திலும் வந்துவிடவில்லை. பழைய ட்ராம்களில் செங்குத்தான படிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் படியடியில் பிராமோடு ஒரு பாட்டி தயங்கி நின்றால் போய் உதவுங்கள். குழந்தைக்கு இடுப்பிலும் தோளிலும் வார் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள். குழந்தைக்கு முன்னால் குறுக்கே இருக்கும் கம்பியைப் பிடிக்காதீர்கள். பல வண்டிகளில் அது கையோடு கழன்று வந்துவிடும்.