சூப்பர்ணே... அப்புறம்?

விடியக்காலை அஞ்சரை மணி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மல்லிகை மூட்டை மூட்டையா வந்து இறங்குற நேரம். தலைக்கு மேல எல்இடி விளக்கு, கீழே சாக்கு மேல மொட்டுக் குவியல், அதுக்குப் பின்னாடி தராசோட ஒரு அக்கா. அஞ்சு ஞாயித்துக்கிழமை தொடர்ந்து போனேன். மொட்டை ரெண்டு கையால அள்ளித் தராசில் போடுற அந்த நொடி, அஞ்சாவது ஞாயிறுதான் கிடைச்சது. 50 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 3200. கை நடுங்கக்கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்த படம்.

வீட்டுக்கு வந்து எடிட் பண்ணி நம்ம போட்டோ குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் 38 பதில். 17 கட்டைவிரல். 9 நெருப்பு. 6 'வேற லெவல்'. 4 'சூப்பர்ணே'. ஒருத்தர் 'எந்த கேமரா?'ன்னு கேட்டார். இன்னொருத்தர் ரோஜாப்பூ போட்டு காலை வணக்கம் சொன்னார்.

ஒருத்தராவது அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தாங்களா?

பார்க்கலை. எனக்கு எப்படித் தெரியும்னா, 12க்கு 18ல் பிரிண்ட் போட்டு அந்த அக்காகிட்டயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைச்சுட்டு வாங்கினாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நான் நல்லாத்தேன் இருக்கேன். பூவைக் காணோமே தம்பி?"

சுருக்குன்னு தைச்சது. நிஜம்தான். அக்கா முகம் தெளிவா விழணும்னு எக்ஸ்போஷரை ஏத்தியிருந்தேன், அதில் வெள்ளை மொத்தமும் எரிஞ்சுபோச்சு. மொட்டுக்கும் மொட்டுக்கும் நடுவில் நிழலே இல்லை, காம்புப் பச்சைகூட இல்லை. சாக்கு மேல உப்பைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு. 2013ல் புவிசார் குறியீடு வாங்கின பூ, தடிச்ச இதழுக்கே பேர் போன பூ, என் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. அக்காவுக்கு ஹிஸ்டோகிராம் தெரியாது. ஆனா அவங்க படத்தைப் பார்த்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் குரூப்பில் என்னைவிட நல்லா எடுக்கிறவங்க இருக்காங்க. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையோட பட்டுவேட்டி எரியாம எடுக்கத் தெரிஞ்ச கைகள். 'அண்ணே, ஒரு ஸ்டாப் குறைச்சிருக்கலாம்'னு ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கட்டைவிரலை அமுக்குற நேரத்தைவிட பத்து செகண்ட் கூட ஆகுமா?

இதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. நாம இருக்கிற ஊரு எது? பேரிலேயே மாட்டுச் சந்தையை வெச்சிருக்கிற இடம். மாடு வாங்கப் போறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிச்சு விலை பேச்சு. இன்னைக்கும் பூ மார்க்கெட்டில் நின்னு பாருங்க. குவியலுக்குள்ள கையை விட்டு அடியில் இருக்கிற மொட்டை எடுத்துப் பார்த்துட்டு, 'ஈரம் ஏறியிருக்குண்ணே'ன்னு முகத்துக்கு நேரே சொல்றாங்க. சொன்னவரும் கேட்டவரும் அடுத்த நிமிஷம் ஒண்ணா நின்னு டீ குடிக்கிறாங்க. படம்னு வந்தா மட்டும் நமக்கு ஏன் வாய் அடைச்சுப்போகுது?

எப்பவும் இப்படி இருந்ததில்லைங்க. 2004ல் ஃப்ளிக்கர் வந்தப்போ, படத்து மேலயே கட்டம் போட்டு 'இந்த இடம்'னு குறிப்பு எழுத வசதி இருந்தது. வலது ஓரத்தில் துருத்திக்கிட்டு நிற்கிற கம்பத்தை யாரோ முகம் தெரியாதவர் கட்டம் போட்டுக் காட்டுவார். அங்கேயும் வெறும் பாராட்டு கொட்டிக் கிடந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா பேச்சும் இருந்தது. 2007ல் நம்ம ஆளுங்க சில பேர் சேர்ந்து 'தமிழில் புகைப்படக்கலை'ன்னு இணையத்தில் ஆரம்பிச்சாங்க. பிட்னு சுருக்கமா சொல்வாங்க. மாசம் ஒரு தலைப்பு, ஒரு போட்டி, அப்பெர்ச்சர்னா என்ன, ஷட்டர்னா என்னன்னு தமிழிலேயே பாடம். காசு வாங்காம, நேரம் ஒதுக்கி, அடுத்தவன் கத்துக்கணும்னு உட்கார்ந்து எழுதினாங்க. அந்த மனசை நினைச்சா இப்பவும் நெகிழ்ச்சியா இருக்கு.

2009ல் ஃபேஸ்புக்கில் லைக் பட்டன் வந்தது. அப்புறம் போன். படத்தையே சுருக்கி அனுப்புற வாட்ஸ்அப். படம் சுருங்கினது போதாதுன்னு பேச்சும் சுருங்கிருச்சு. 'எங்க நின்னு எடுத்தீங்க? ஏன் அந்தப் பக்கம் போகலை? வெளிச்சம் வர எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?' இப்படி ஒரு கேள்வி கேட்டு யாராவது பார்த்திருக்கீங்களா? கேட்டா கேமரா மாடல் கேட்கிறாங்க. மிஞ்சிப்போனா 'ஃபுல் ஃப்ரேம் வாங்குங்க'ன்னு யோசனை. லட்ச ரூபாய் கேமராவிலும் வெள்ளை எரியும்ங்க.

சரி, மத்தவங்க சொல்லலைன்னா நாம சொல்வோம்னு இறங்கினேன். காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் வண்டியூர் தெப்பக்குளத்தை விடியலில் எடுத்துப் போட்டிருந்தான். மைய மண்டபத்துக்குப் பின்னாடி செம்மண் நிறத்தில் வானம், தண்ணியில் அதோட நிழல். ரெண்டு நிமிஷம் கண்ணை எடுக்க முடியலை. ஆனா படம் இடது பக்கமா சாய்ஞ்சிருந்தது, குளத்துத் தண்ணி வழிஞ்சு ஓடிரும்போல. 'தம்பி, நிறம் அருமை. தண்ணிக்கோட்டை மட்டும் நேராக்கிப் பாரு, மண்டபம் இன்னும் கம்பீரமா நிக்கும்'னு எழுதினேன்.

அஞ்சே நிமிஷம். அட்மின் கிட்டயிருந்து குரூப்பிலேயே மெசேஜ். 'நெகட்டிவ் கமெண்ட் தவிர்க்கவும். நம்ம குரூப் ஃப்ரெண்ட்லியா இருக்கணும்.' அதுக்கும் கீழ 22 கட்டைவிரல்.

ஃப்ரெண்ட்லியாம்! சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தா தெருமுனையில் நிறுத்திச் சொல்றவன்தானே ஃப்ரெண்டு? பார்த்தும் பார்க்காத மாதிரி கையைக் குலுக்கிட்டுப் போறவனுக்கு என்ன பேரு? அந்தப் பையன் விடியுறதுக்கு முன்னாடி எழுந்து, வண்டி எடுத்துக்கிட்டுப் போய், குளக்கரையில் காத்துக்கிட்டு நின்னிருக்கான். அந்த உழைப்புக்கு நாம கொடுக்கிற மரியாதை ஒரு பொம்மை விரலா?

நாலு நாள் குரூப்பைத் திறக்கவே இல்லை. அஞ்சாம் நாள் ராத்திரி தனியா ஒரு மெசேஜ். அந்தத் தம்பிதான். அதே தெப்பக்குளம், அதே மண்டபம், மறுபடி போய் எடுத்திருக்கான். தண்ணிக்கோடு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. கீழே எழுதியிருந்தான்:

"அண்ணே, இப்போ சரியா இருக்கா? வேற என்ன தப்பு இருந்தாலும் சொல்லுங்கண்ணே. ஆனா குரூப்ல சொல்லிராதீங்க, இங்கயே சொல்லுங்க."