சாவி யார் கையில்?

மன்னன் இல்லை, மணிமுடி இல்லை, பரம்பரைச் சிம்மாசனம் இல்லை. குடியரசு என்று பெயர் சூட்டியாகிவிட்டது. இனி மக்களுக்கு என்ன குறை என்று கேட்போர் எக்காலத்திலும் உண்டு. குறை எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அறிய விரும்பும் தோழர்கள் இத்தாலியின் வடமேற்குக் கடற்கரைக்குச் சற்றே நம்மோடு வரவேண்டும். மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்டு கிடக்கும் ஜெனோவா நகரத்தின் கதை, உழைப்பவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை.

உழுவதற்கு நிலமில்லாத ஊர் அது. கடல்தான் அதற்கு வயல், கப்பல்தான் ஏர். கருங்கடலிலிருந்து ஸ்பெயின் வரை அதன் வணிகர்கள் சென்றார்கள், கொண்டார்கள், விற்றார்கள், கொழுத்தார்கள். 1528-ல் ஆண்ட்ரியா டோரியா என்ற கடற்படைத் தலைவர் பிரெஞ்சு மன்னனை உதறிவிட்டு, ஸ்பெயினை ஆண்ட பேரரசன் ஐந்தாம் சார்லஸின் பக்கம் சேர்ந்து, ஜெனோவாவுக்குப் புதிய ஆட்சிமுறை வகுத்தார். தலைவருக்கு 'டோஜ்' என்று பெயர். பதவி இரண்டே ஆண்டுகள். 400 பேர் கொண்ட பெரிய சபை ஒன்று, 100 பேர் கொண்ட சிறிய சபை ஒன்று. தேர்தல் உண்டு, தவணை உண்டு, சட்டம் உண்டு. ஆகா, என்ன அழகான குடியரசு என்று வியக்கத் தோன்றுகிறதல்லவா?

ஆனால் யார் அந்த 400 பேர்? 28 குடும்பக் கூட்டங்களின் ஏட்டிலே பெயர் பதிந்தவர்கள் மட்டுமே! ஏட்டில் பெயர் இல்லாதவன் நெய்யலாம், சுமக்கலாம், துடுப்புப் போடலாம், வரி கட்டலாம்; ஆளமட்டும் முடியாது. 1575-ல் பழைய பிரபுக்களும் புதிய பிரபுக்களும் ஆயுதம் ஏந்தி மோதிக்கொண்டார்கள். பதவிப் பங்கீடுதான் அந்தச் சண்டைக்குக் காரணம். 1576-ல் சமரசம் பேசினார்கள், பங்கிட்டுக் கொண்டார்கள். தெருவில் நின்றவனுக்கு அந்தப் பங்கிலே ஒரு பருக்கையும் இல்லை.

சரி, சபையிலாவது அதிகாரம் முழுமையாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. துறைமுகத்தின் ஓரத்திலே இன்னொரு மாளிகை இருந்தது. புனித ஜார்ஜ் வங்கி என்று பெயர், 1407-ல் தோன்றியது. அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றுகூடி அமைத்த நிறுவனம் அது. கடனுக்கு ஈடாக அரசு எதைக் கொடுத்தது? வரி வசூலிக்கும் உரிமையையே கொடுத்துவிட்டது! உப்பு வரி, மது வரி, துறைமுகச் சுங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழை தன் கஞ்சிக்குப் போடும் உப்பிலே விழுந்த வரி, சீமான் கொடுத்த கடனுக்கு வட்டியாகப் போனது. கடன் கொடுத்தவனும் அவனே, கடன் வாங்கத் தீர்மானம் போடும் சபையில் அமர்ந்தவனும் அவனே. வட்டி கட்டியவன் மட்டும் வேறு ஆள்!

வங்கியின் கணக்கு ஒழுங்கானது என்பதை நாம் மறுக்கவில்லை. அரசியல் மேதை மக்கியவெல்லியே அதன் நிர்வாகத்தை மெச்சியிருக்கிறார். ஆனால் நமது கேள்வி ஒழுங்கைப் பற்றியதல்ல. அந்த ஒழுங்கு யாருக்காக என்பதே நமது கேள்வி. 1453-ல் கோர்சிகா தீவையே ஆளும்படி குடியரசு இந்த வங்கியிடம் ஒப்படைத்தது. 1562 வரை, நூறு ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு தீவின் மக்கள் கணக்குப் புத்தகத்தின் குடிமக்களாக வாழ்ந்தார்கள். வியாபாரம் செய்ய வந்த கம்பெனி நாடாண்ட கொடுமையை அனுபவித்தவர்கள் நாம். கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ல் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்த வித்தையின் முதல் பாடம் அங்கே நடந்திருக்கிறது.

கப்பல்களின் கதை என்ன? டோரியா பேரரசனுக்கு ஓட்டிய போர்க்கப்பல்கள் குடியரசின் உடைமையல்ல; அவருடைய சொந்தச் சொத்து, வாடகைக்கு விட்டவை. அவற்றைத் துடுப்புப் போட்டு ஓட்டியவர்கள் போரிலே பிடிபட்ட அடிமைகள், தண்டனை பெற்ற கைதிகள், வறுமையாலும் கடனாலும் தம்மையே விற்றுக்கொண்ட ஏழைகள். இந்த மூன்றாவது வகையினருக்கு 'நல்மனத்தோடு வந்தவர்கள்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பசி விரட்டி வந்தவனுக்கு அந்தப் பெயர்! அவனுக்கும் காலிலே சங்கிலி உண்டு. ஜெனோவாவின் சிறைவாயில்களிலும், துடுப்படிமைகளின் சங்கிலிகளிலும் 'சுதந்திரம்' என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்ததாக 1762-ல் வெளிவந்த 'சமுதாய ஒப்பந்தம்' நூலில் ரூசோ குறிப்பிடுகிறார். குற்றவாளிகளைக் கட்டி வைத்தால்தான் மற்றவர்க்குச் சுதந்திரம் என்று கருதி, அதை அவர் பொருத்தமென்றே சொன்னார். நாம் அந்தப் பேரறிஞரோடு இதிலே மாறுபடுகிறோம். கடனைத் தவிர வேறு குற்றம் அறியாதவன் காலிலும் அந்தச் சங்கிலி கிடந்ததே, அது யாருடைய சுதந்திரம்?

மாளிகைகள் மட்டும் வளர்ந்தன. 1557-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஸ்பானிய மன்னர்களுக்குப் பெருங்கடன் கொடுத்தவர்கள் ஜெனோவாவின் சீமான்கள்தான். அமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி, ஸ்பெயின் வழியாக அவர்களுடைய பெட்டிகளை நிரப்பியது. மன்னர்கள் மீண்டும் மீண்டும் கடனை நிறுத்தினார்கள். 1627-ல் விழுந்த அடியோடு அந்தப் பொற்காலம் மங்கியது. ஆனால் பெட்டியின் சாவி கைமாறவில்லை.

பிறகு வந்தது 1746. ஆஸ்திரியப் படை நகர வாயிலுக்கு வந்து நின்றது. பாதுகாக்க மதில் இருந்தது, பீரங்கி இருந்தது, மக்கள் இருந்தார்கள். ஆயினும் செப்டம்பர் மாதத்தில் ஆளும் பிரபுக்கள் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டு வாயிலைத் திறந்துவிட்டார்கள். 30 இலட்சம் ஜெனோவினா நாணயம் கப்பமாகக் கேட்டான் எதிரி. வங்கிப் பெட்டகத்திலிருந்து அள்ளிக் கொடுத்தார்கள். நகரத்துப் பீரங்கிகளையும் எதிரி தன் அடுத்த போருக்கு இழுத்துச் செல்லத் தொடங்கினான்.

டிசம்பர் 5. உழைப்பாளர் குடியிருக்கும் போர்த்தோரியா பகுதியிலே, இழுத்துச் சென்ற குண்டுபீரங்கி ஒன்று பாதை உள்வாங்கிப் புதைந்துகொண்டது. சுற்றி நின்ற மக்களைத் தூக்கிவிடும்படி சிப்பாய்கள் அதட்டினார்கள். ஒருவன் தடியை ஓங்கினான். ஒரு சிறுவன் கல்லெடுத்து வீசினான். பலில்லா என்று அவனை மக்கள் மரபு அழைக்கிறது. அந்தக் கல் நகரத்தையே எழுப்பிவிட்டது. சுமைதூக்குவோர் வந்தார்கள், நம் நாட்டு மண்டிகளில் 'ஹமாலி' என்கிறோமே, அதே அரபு வேரில் பிறந்த 'கமாலி' என்ற பெயர்தான் அங்கேயும் அவர்களுக்கு! கைவினைஞர் வந்தார்கள், கடைப்பையன்கள் வந்தார்கள். அரண்மனைக்குச் சென்று ஆயுதம் கேட்டார்கள். குடியரசின் காவலர்கள் என்று சொல்லிக்கொண்ட பிரபுக்கள் ஆயுதம் தர மறுத்தார்கள். எதிரியிடம் வாயிலைத் திறந்தவர்கள் சொந்த மக்களுக்குக் கதவைச் சாத்தினார்கள்! மக்களோ கிடைத்த இடத்தில் ஆயுதம் தேடி, டிசம்பர் 10-க்குள் ஆஸ்திரியரை நகரத்தை விட்டே விரட்டினார்கள்.

தோழர்களே, இனி வருவதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. ஜியோவன்னி கார்போனே என்ற சத்திரத்துப் பணியாள், போரிட்டு மீட்ட நகர வாயிலின் சாவியைக் கையிலே ஏந்திச் சென்றான். எங்கே சென்றான்? டோஜிடம்! ரத்தம் சிந்தி மீட்டவன், பயந்து பறிகொடுத்தவனிடமே திருப்பிக் கொடுத்தான். மக்கள் தங்களுக்கென ஒரு தலைமையகம் அமைக்கத்தான் செய்தார்கள். ஆனால் வீரம் இருந்த அளவுக்கு அங்கே திட்டம் இல்லை. கருவூலம் யாரிடம் இருக்க வேண்டும், வரி யார் மீது விழ வேண்டும் என்ற கேள்வியை விடாப்பிடியாகப் பற்றி நிற்கும் அமைப்பு இல்லை. பிரபுக்கள் மெல்ல உள்ளே நுழைந்தார்கள், இனிக்கப் பேசினார்கள், பிரித்தார்கள். மறு ஆண்டே அதிகாரம் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

காத்துக்கொண்ட அதிகாரத்தை வைத்து என்ன சாதித்தார்கள்? கிளர்ந்தெழுந்த கோர்சிகாவை 1768-ல் பிரான்சிடம் ஒப்படைத்தார்கள். மறு ஆண்டு அந்தத் தீவிலே பிறந்த நெப்போலியன்தான் 1797-ல் பழைய குடியரசை முடித்து வைத்தான். 1805-ல் ஜெனோவா பிரான்சோடு இணைக்கப்பட்டது, வங்கியும் கலைக்கப்பட்டது. கல்லெறிந்த சிறுவனின் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை: 1926-ல் முசோலினியின் பாசிச ஆட்சி தன் சிறுவர் படைக்கு அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டது. ஏழையின் வீரத்தை அவன் பெயரோடு சேர்த்துத் திருடுவது ஆதிக்கக்காரர்களுக்குப் புதிதல்ல.

கொடியிலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. வரி யாரிடமிருந்து வருகிறது, வட்டி யாருக்குப் போகிறது, ஆபத்து வரும்போது யார் கையெழுத்துப் போடுகிறார், யார் ரத்தம் சிந்துகிறார் என்று கேட்க வேண்டும். வாயிலை மீட்கும் துணிவு ஜெனோவாவின் உழைப்பாளிக்கு இருந்தது. சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அமைப்புத்தான் இல்லை. அந்த அமைப்பைக் கட்டுவது கல்லெறிவதைவிடக் கடினம், அதைவிட நெடுநாள் பிடிக்கும் வேலை. அந்த வேலையைத்தான் தோழர்கள் ஒவ்வொருவரும் ஏற்கவேண்டும் என்கிறோம்.